புது வண்டிக்கு எதுக்கு குளுக்கோஸ்?

1. ஆவணி முதல் முகூர்த்தம்

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் எரிந்து முடிந்தது. பெரியவர் ஒருவர் கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார். டக் டக் டக் என்று கேட்டது. மறுபடி திருப்பினார். இந்த முறை அதுவும் கேட்கவில்லை.

புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு கார் டீலரின் ஸ்டாக்யார்டில் நான் இன்-சார்ஜாக இருந்தேன். கம்பெனியிலிருந்து டிரெய்லரில் இறங்கும் கார்களை வாங்கி நிறுத்தி, சோதித்து, டெலிவரி அன்று கழுவித் துடைத்து அனுப்புவது என் வேலை. அன்று அந்தக் காரை அனுப்ப முடியவில்லை. வேறு காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்கிறேன் என்று கெஞ்சினேன். "நல்ல நேரத்துல பக்கத்து வண்டிகிட்ட பிச்ச வாங்கித்தான் ஓடணுமா?" என்று பெரியவர் கேட்க, குடும்பமே வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனது. புக்கிங் கேன்சல்.

மேனேஜர் ராஜசேகர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மேடம், அடுத்த ஆவணில இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்கலாம்."

மாதங்களைத் தமிழில்தான் சொல்லப்போகிறேன். எங்கள் தொழில் ஓடுவது அந்தக் காலண்டரில்தான். ஆடியில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள். கம்பெனியோ ஆடி என்று பார்க்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யார்டு நிரம்பி வழியும். கார் சும்மா நின்றாலும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்குக் காது கொடுக்கும் பெட்டி எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில், ஒரே ஒன்றரை மணி நேர நல்ல நேரத்துக்குள், எல்லோருக்கும் வண்டி வேண்டும்.

2. ஆனி: வாங்கிய கதை

அடுத்த வருடம் ஆனி பிறந்ததுமே பேட்டரி மெயின்டெய்னர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ராஜசேகர் ஒரு மெக்கானிக் கடையிலிருந்து லாரிக்குப் போடும் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பத்து ஆம்பியர் மேடம். ஒரே ராத்திரில ஃபுல் ஆயிடும். இதுவும் அதுவும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. பழைய சார்ஜர் பேட்டரி நிரம்பியது தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். மெயின்டெய்னர் ஓர் ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்றி, நிரம்பியதும் தானே அடங்கி, குறைகிற அளவுக்கு மட்டும் ஊட்டும். வாரக்கணக்கில் மாட்டி வைக்கலாம். சொன்னேன், கேட்கவில்லை. மறுநாள் காலை டெமோ காரின் பானட்டைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தது. அதன் பிறகு மெயின்டெய்னர் வாங்க கையெழுத்து கிடைத்தது, நான்கே நான்குக்கு.

எந்த மாடல் என்று நான் எழுதியிருந்தேன். வந்தது வேறு. "இதுவும் நல்ல ரேட்டிங்தான் மேடம்" என்றார் ராஜசேகர். பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளை நான் அன்று மேலோட்டமாகத்தான் பார்த்தேன். பஞ்சாங்கமானாலும் மருந்துச் சீட்டானாலும் கடைசி வரி வரை படிக்கும் எனக்கு, அன்று டிரெய்லரிலிருந்து கார்கள் இறங்கிக்கொண்டிருந்ததால் நேரமில்லை.

அதே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஏகாம்பரம் வந்தார். கவரைப்பேட்டைப் பக்கம் நெல் பயிரிடுகிறவர். மகனுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பணத்தைக் கட்டி, பதிவையும் முடித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்:

"யம்மா, எங்க ஊட்டுக்கு மொத வண்டி இது. ஆவணி மொத முகூர்த்தத்துல எடுத்துக்கறோம். அதுவரிக்கும் உன் பொறுப்பு. போன வருசம் இங்க ஒரு வண்டி மொண்டி பண்ணிச்சாமே? நம்மளுது ஒரே தபாதான் சாவி போடுவேன். கெளம்பலைன்னா அப்படியே உட்டுட்டுப் போயினே இருப்பேன்."

செய்தி கவரைப்பேட்டை வரை போயிருந்தது. அவர் காருக்குத்தான் முதல் மெயின்டெய்னரை மாட்டினேன். சிவப்புக் கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில், கறுப்புக் கிளிப் பேட்டரியில் இல்லாமல் பாடியில் இருக்கும் ஒரு போல்ட்டில், கடைசியாகத்தான் பிளக்.

3. ஆடி முதல் ஞாயிறு

ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் எல்லாம் புதுவாயல் வழியாகத்தான் போகும். காரை எடுக்க மாட்டார்கள். ஆனால் பார்க்க வருவார்கள். வேன் நிறைய ஆட்கள், வேப்பிலை, பொங்கல் பானை எல்லாம் யார்டு கேட்டில் இறங்கும். கதவைத் திறந்து எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பாட்டு, ஏசி காற்றாடி, ஹெட்லைட், பின்னால் நின்று போட்டோ. என்ஜின் மட்டும் போட மாட்டார்கள், ஆடி மாதம் அல்லவா! பேட்டரியைக் காலி செய்ய இதைவிட நல்ல முறையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏகாம்பரமும் அப்படித்தான் குடும்பத்தோடு வந்தார். பானட் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒயர் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? பொறந்த கொயந்தைக்கு குளுக்கோஸ் ஏத்தினு கீறீங்க? வண்டிக்கு இன்னா நோவு?"

"நோவு எல்லாம் இல்லண்ணே. சும்மா நிக்கிற வண்டி, பேட்டரி இறங்காம இருக்க…"

"புது வண்டிக்கு எதுக்கு குளுக்கோஸ்? பழைய பேட்டரிய மாட்டிட்டியா?" அவர் மனைவி பக்கத்திலிருந்து, "அப்பவே சொன்னேன், வேற கலர் எடுத்திருக்கலாம்" என்றார். கலருக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

"வண்டி பாக்கற ஆம்பள யாரும் இல்லியா இங்க?" என்று ஏகாம்பரம் கத்த, ராஜசேகர் ஓடி வந்தார். வந்தவர் செய்த முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டியது. "சும்மா டெஸ்டிங் சார். வண்டி பக்கா" என்று பல்லைக் காட்டினார். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே கஸ்டமர் வர்றப்ப இந்த ஒயர் எதுவும் கண்ணுல படக்கூடாது மேடம். புது வண்டிய ஆஸ்பத்திரில படுக்க வெச்ச மாதிரி இருக்கு."

"கழட்டிக் கழட்டி மாட்டினா என்ன பிரயோஜனம் சார்?"

"அவங்க போனதும் தேவராஜ் மாட்டிடுவார். அவ்ளோதானே?"

தேவராஜ் எங்கள் வாட்ச்மேன். தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

4. பச்சை விளக்கு

தேவராஜைக் குறை சொல்ல முடியாது. வேன் சத்தம் கேட்டாலே ஓடிப் போய்க் கழற்றுவார், போனதும் மாட்டுவார். நான் கேட்கும்போதெல்லாம் "பச்சை லைட்டு எரியுது மேடம்" என்பார். நானும் போய்ப் பார்த்தேன். பச்சைதான் மின்னிக்கொண்டிருந்தது. பச்சை என்றால் நல்லது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

ஆடி மூன்றாம் வாரம் ஒரு நாள் காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்தது. மனசு கேட்காமல் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மெயின்டெய்னர் வேலை செய்துகொண்டிருந்தால் பேட்டரி முனையில் பதின்மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஏகாம்பரத்தின் காரில் பதினொன்று புள்ளி ஒன்பது. கழற்றி வைத்த நல்ல பேட்டரிகூடப் பன்னிரண்டரைக்கு மேல் காட்டும். இது ஏறக்குறைய படுத்துவிட்டது. மெயின்டெய்னர் மாட்டிய மற்ற மூன்று கார்களும் அதே கதி.

அன்றுதான் அந்தத் துண்டுத்தாளை நிதானமாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது: மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்தால் கருவி ஓய்வு நிலைக்குப் போகும், பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஏற்றத் தொடங்கும். நிலையாக எரியும் பச்சைதான் நிரம்பிய பேட்டரி. மின்னும் பச்சை ஓய்வு. அதாவது தேவராஜ் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கி மாட்டியபோதும் அதைத் தாலாட்டித் தூங்க வைத்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த மாடலில், கரண்ட் வந்ததும் தானாகவே விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வசதி இருந்தது. அதற்காகத்தான் அதை எழுதியிருந்தேன்.

நான்கு பட்டனையும் அழுத்திவிட்டு ராஜசேகரிடம் போனேன்.

"அதனால என்ன மேடம்? கரண்ட் வந்ததும் பட்டன் அமுக்கினா போச்சு."

"இந்த ஊர்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார்?"

வெளியே நின்ற தேவராஜ், "பேஜாரு மேடம். நான் கேட்டைப் பாக்கறதா, பட்டன பாக்கறதா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மாற்றித்தரக் கேட்டேன். ஆவணிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். ஆவணிக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்பதே அப்போது கேள்வி.

5. ஆடி நான்காம் ஞாயிறு

அன்று காலை வேன் சத்தம் கேட்டுத் தேவராஜ் ஓடினார். "கழட்டாதீங்க" என்றேன். மறைத்து வைத்துத்தான் இந்தக் கதி. திட்டு வாங்கினாலும் பேட்டரியாவது பிழைக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

வேனிலிருந்து இறங்கிய ஏகாம்பரம் ஒயரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இன்னும் குளுக்கோஸ் ஏறினுதான் கீதா?"

"ஏறுதாண்ணே இல்லையான்னு நீங்களே பாருங்க" என்று மல்டிமீட்டரை அவர் கையில் கொடுத்தேன். சிவப்பு முனையை எங்கே வைப்பது, கறுப்பை எங்கே வைப்பது என்று காட்டினேன். "பதிமூணுக்கு மேல இருந்தா முழிச்சிருக்குன்னு அர்த்தம். பன்னண்டு சொச்சம் காட்டினா தூங்குது, பட்டனை அமுக்கணும்."

பதின்மூன்று புள்ளி நான்கு காட்டியது. அவர் சந்தேகத்தோடு பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பச்சை மின்னியது. எண் மெல்ல இறங்கி, பதின்மூன்றுக்குக் கீழே பன்னிரண்டே முக்காலில் வந்து நின்றது. பட்டனை அழுத்தினார். ஏறியது.

"அட! பம்பு செட்டு ஸ்டார்ட்டர் மாரியே கீது. கரண்ட் வந்தா தானா எடுக்காது, நாமதான் போயி அமுக்கணும்."

"அதேதாண்ணே."

"அப்ப இத ஏன் அன்னிக்கே சொல்லல? அந்த மேனேஜர் டெஸ்டிங்குன்னான்?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்சீட்டுக் கதவைத் திறந்த மனைவியைப் பார்த்து அவர் கத்தினார்: "யேய், மூடு! உள்ள லைட்டு எரியுது பாரு. ஏத்தறது ஒரு பக்கம், நீ எறக்கறது ஒரு பக்கமா?"

"நான் ஒக்காந்து கூடப் பாக்கக் கூடாதா?"

"ஆவணில ஒக்காரு. ஆயுசுக்கும் ஒக்காரு."

அன்றிலிருந்து அவர் வருவது அதிகமாயிற்று. உர மூட்டை வாங்க வந்தாலும் யார்டுக்கு வந்துவிடுவார். என் மேஜையிலிருந்து மல்டிமீட்டரைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். தன் காரைப் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் பார்ப்பார். "தேவராஜூ, மூணாவது வண்டி தூங்குது பாரு. இன்னா வாட்ச்மேன்யா நீ?" தேவராஜ் என்னிடம் வந்து, "மேடம், அந்த ஆளுக்கு வண்டிய இப்பவே குடுத்து அனுப்பிடுங்க" என்று கெஞ்சினார்.

6. மறுபடியும் ஆவணி முதல் முகூர்த்தம்

யார்டு முழுக்கச் சாமியானா. டெலிவரிகளை விழாவாக நடத்த வேண்டும் என்று தலைமை அலுவலக உத்தரவு. ராஜசேகர் ஏகாம்பரத்தின் கார்மேல் சிவப்புத் துணி போர்த்தி, உள்ளே பாட்டு போட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டார். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றும் இருந்தது. போட்டோகிராபர் வர நேரமாகும் என்றார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மெயின்டெய்னரை நான் விடியற்காலையிலேயே கழற்றியிருந்தேன். இந்த ஆட்டம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

"சார், லைட்டை மட்டுமாவது அணைங்க" என்றேன்.

"ஃபங்ஷன் மேடம். மூடைக் கெடுக்காதீங்க."

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். துணியை உருவி எறிந்தார்.

"யோவ் மேனேஜரு, யார் ஊட்டுப் பேட்டரின்னு பாட்டு போட்டுகினு கீற? மொதல்ல வண்டி கெளம்பட்டும். அப்பறம் உன் போட்டோ, உன் அட்டைச் சாவி எல்லாம்."

பாட்டு நின்றது. விளக்குகள் அணைந்தன. அவர் பானட்டைத் திறந்து ஏதாவது கிளிப் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்தார். மகன் ஸ்டியரிங்கில்.

"ஒரே தபாதான்" என்றார்.

சாவி திரும்பியது. என்ஜின் பிடித்தது. நான்கு எலுமிச்சம்பழமும் ஒன்றாக நசுங்கின.

போகும் வழியில் கடையில் ஒரு மெயின்டெய்னர் வாங்கிக்கொண்டு போனார். நான் முதலில் எழுதிக் கொடுத்த மாடல்தான். அறுவடை முடியும் வரை வண்டி கொட்டகையில்தான் நிற்குமாம்.

7. கடைசியாக

வேலை தப்பியது. அதற்கப்புறம் இரண்டு ஆவணிகள் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மெயின்டெய்னர் வாங்கும்போது விலை, விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால், கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்குமா என்று கேளுங்கள். விளக்கை நம்பாதீர்கள், மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒயரை வண்டிக்காரரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் சந்தேகப்படுவார். காட்டினால் உங்களுக்குச் சம்பளம் இல்லாத ஒரு வாட்ச்மேன் கிடைப்பார்.

ராஜசேகர் அந்த ஆவணியன்றே, "அடுத்த வருஷம் எல்லா வண்டிக்கும் நல்ல மாடலா வாங்கிடலாம் மேடம்" என்றார். இந்த ஆடியில் அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், யார்டுல பச்சை லைட்டு மின்னுது. ஓகேதானே?"

அதே நான்கு மெயின்டெய்னர்கள்.

எனக்கு மறுபடி விளக்கிச் சொல்லும் பொறுமை இல்லை. "கவரைப்பேட்டையில ஏகாம்பரம்னு ஒருத்தர் இருக்கார் சார்" என்றேன். "நம்பர் தர்றேன். அவர்கிட்ட கேளுங்க. திட்டிட்டுத்தான் சொல்வார். ஆனா சரியா சொல்வார்."