எண்ணெய்க் கண்ணீர்

முதல் சம்பளத்தில் மூக்குக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான், அந்தக் கடையை நடத்தும் அக்காவை முதன்முதலில் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த மிதப்பில் அப்போதெல்லாம் ஒரு அறிவியல் புனைகதைப் புத்தகத்தை, அட்டை வெளியே தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். அக்கா என் மூக்கின் மேல் சோதனை ஃப்ரேமை வைத்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே அந்த அட்டையைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் வந்திருக்கே?"

"பாதிக்கா."

"அதோட நிறுத்திடு. முன்பாதி தங்கம். பின்பாதியில எழுதின ஆளுக்கு ஏதோ பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு போல. எல்லாரையும் ஒரே குண்டுல கொன்னுட்டு ஓடிட்டார். சரி, இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

அந்தக் கடை ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அகலம். பின்னால் லென்ஸ் தேய்க்கும் மிஷின். அது கரகரவென்று ஓடும் நேரமெல்லாம் அக்கா படிப்பார். "நீ என்னைக் கட்டினதுக்குப் புத்தகத்தையே கட்டியிருக்கலாம்" என்பாராம் வீட்டுக்காரர். "கட்டியிருக்கலாம். அது குறட்டை விடாது" என்பாராம் இவர்.

அக்காதான் என்னை ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். டைப்ரைட்டிங் வகுப்பு நடக்கும் மாடி அறை. உறை போட்டு மூடிய மிஷின்களுக்கு நடுவே பத்துப் பேர் உட்கார்ந்து, யார் எழுத்து உசத்தி, எதைப் படிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பேசுவார்கள். நடுநாயகமாக ராக்கெட் சார். பத்திரிகையில் வாராவாரம் அறிவியல் கதைகளைப் பற்றிப் பத்தி எழுதுபவர். பத்தியின் மேல் ஒரு ராக்கெட் படம் போடுவார்கள், அதனால் அந்தப் பெயர். அவர் அதிகம் பேச மாட்டார். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

பேசுவது அக்காதான். ஒருநாள் எல்லாரும் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு எழுத்தாளரைப் பற்றிச் சொன்னார்: "அவர் கிரகத்துல எல்லாமே ஆம்பளைங்க. மூணு வேளையும் சாப்பிடுறானுங்க. சமைச்சது யாருன்னு ஒரு வரி இல்ல. ஒளியை விட வேகமாப் போற கப்பலை நம்பிடுவேன். இதை எப்படி நம்புறது?"

அறையே சிரித்தது. அடுத்த வாரம் அதே வார்த்தைகள் பத்தியில் வந்தன. 'பல்லாண்டு வாசிப்புக்குப் பின் எனக்குத் தோன்றியது' என்று தொடங்கி.

அக்கா எனக்கு முன்பே இதைக் கவனித்திருந்தார். பொறுத்துப் பார்த்தார். அந்தப் பத்திகள் தொகுப்பாக, ராக்கெட் சார் பெயரில் புத்தகமாகப் போகின்றன என்று தெரிந்த அன்றுதான் வாயைத் திறந்தார்.

"சார், அதுல முக்கால்வாசி நான் சொன்னது. முன்னுரையில ஒரு வரி என் பேரைப் போடுங்க. அது போதும்."

ராக்கெட் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கூடிப் பேசுற இடத்துல இது உன்னுது, அது என்னுதுன்னு கோடு கிழிக்க முடியுமாக்கா? அப்புறம் உங்க பேரைப் போட்டா கண்ணாடிக் கடைன்னும் சேர்த்துப் போடணும். விளம்பரம்னு நினைச்சுடுவாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தொடையைத் தட்டியே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கல்லூரியில் மூன்று வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எனக்கு உள்ளே எரிந்தது.

மறுநாள் கடையில் அக்கா ஒரு ஃப்ரேமின் திருகைத் திருகிக்கொண்டே சொன்னார்: "மன்னிச்சு விடுற ஆள் நான் இல்ல, பட்டதாரி. அந்தாளு எதையும் படிக்கிறதில்ல. காதை மட்டும் தூக்கிட்டு வர்றார். அந்தக் காதுலயே வைக்கிறேன் பாரு."

அப்போது புதிதாக ஒரு நாவல் வந்திருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் போய்க்கொண்டிருக்கும் விண்கப்பல். அதில் உறங்கும் மனிதர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இயந்திரம். அதற்கு உடம்பு கிடையாது. சுவருக்குள்ளிருந்து வரும் வெறும் குரல். முதல் பக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். கடைசியில் யாரும் விழிப்பதில்லை, குரல் மட்டும் பேசிக்கொண்டே போகும்.

அடுத்த ஞாயிறு அக்கா அந்த நாவலை எடுத்து வைத்துப் பேசினார். குரல் தழுதழுக்க முடிவைச் சொன்னார். "அந்த மிஷின் அவங்க பக்கத்துல மண்டி போட்டு அழுவுது சார். கண்ணுலேர்ந்து தண்ணிக்குப் பதிலா எண்ணெய் வழியுது."

அதைப் படித்திருந்த நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அக்காவின் செருப்பு என் பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

எண்ணெய்க் கண்ணீர் பத்தியில் வந்தது. 'அந்த இடத்தில் நானும் அழுதேன்' என்று முடித்திருந்தார் ராக்கெட் சார். வாசகர்கள் பிடித்துக் கிழிப்பார்கள் என்று அக்கா காத்திருந்தார். ஒரு ஈ காக்கைகூட வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் வங்கிக்காரர் நெஞ்சில் கை வைத்தார்.

"அந்த எண்ணெய் வழியிற இடத்துல புத்தகத்தை மூடிட்டேன்க்கா. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

இன்னொருவர் தானும் அப்படித்தான் என்றார். எல்லாத் தலையும் ஆடியது. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஒருத்தர் கூடப் படிக்கல. இத்தனை வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

"இப்பவே போய்ச் சொல்லிடலாம்க்கா."

"வேணாம். அந்தாளு தன் புத்தகத்தை வெளியிட அந்த நாவலாசிரியரையே கூப்பிட்டிருக்காராம். எல்லாருக்கும் சேர்த்து அங்க பார்த்துக்கலாம்."

விழா நாள் அரங்கு நிறைந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த நாவலாசிரியர் சிடுமூஞ்சிக் கிழவர், சால்வை போர்த்தியபோதே முகம் சுளித்தார். ராக்கெட் சார் மைக்கைப் பிடித்து, எண்ணெய்க் கண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விவரித்தார். கைதட்டல். முன்வரிசையில் வங்கிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாவலாசிரியர் எழுந்து வந்தார்.

"எந்த எண்ணெய்? என் மிஷினுக்குக் கண்ணே கிடையாதே. அது சுவத்துக்குள்ள இருக்கிற குரல். முதல் பக்கத்தைப் பிரிச்சீங்களா, இல்லியா?"

"ஐயா, நான் அதை ஒரு குறியீடா..."

"குறியீடா அழுறதுக்கும் கண்ணு வேணும்யா."

அரங்கில் சலசலப்பு. வங்கிக்காரர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். ராக்கெட் சாருக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் கை கூட்டத்துக்குள் தேடி, அக்காவின் மேல் வந்து நின்றது.

"அந்த அம்மா சொன்னதுங்க! கண்ணாடிக் கடை வெச்சிருக்காங்களே, அவங்கதான் சொன்னாங்க. நான் அப்படியே எழுதினேன்."

அக்கா எழுந்தார். மைக் இல்லை. தேவைப்படவுமில்லை.

"ஆமா, நான் சொன்னதுதான். மீதிக் கட்டுரையெல்லாம் யார் சொன்னது சார்? கையோட அதையும் சொல்லிடுங்க."

ராக்கெட் சார் மைக்கை விட்டு நகர்ந்தார். நாவலாசிரியர் தன் கையிலிருந்த தொகுப்பை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். என்னைத் தவிர யாரும் தட்டவில்லை, எனக்கு அதுவும் இனித்தது.

பதிப்பாளர் பிரதிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பத்திரிகையில் ராக்கெட் படம் இருந்த இடத்தில் இப்போது ராசிபலன் வருகிறது. ராக்கெட் சார் மருமகனின் மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார். மாடிக் கூட்டம் அதற்குப் பிறகு கூடவில்லை. ஒருமுறை அக்காவிடம் கேட்டேன், கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று.

"கம்மியாப் போயிட்டோம். வங்கிக்காரரைத் தனியா எழுப்பி நாலு கேள்வி கேட்டிருக்கணும்."

வேலை மாறி நான் வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அக்கா அதே கடையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறது. படித்து முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லாததால் எனக்குப் போன் போட்டு, பின்னால் மிஷின் கரகரக்கக் கரகரக்க, எழுத்தாளர்களைத் திட்டுகிறார்.