இரண்டாம் முறை கேட்காத ஊர்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் கடைசி ஆளாக நிற்கிறவள். கட்டுரை எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். அது உண்மையும்தான். நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு யாழ்ப்பாணம் குருநகருக்கு வந்திருக்கிறேன். வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை. தம்பி அன்ரன் கடலால் வந்ததும் பிடித்ததைக் கரையிலேயே விற்றுவிட்டு, முற்றத்துக் குழாயடியில் வாடை போகத் தேசிக்காய் தேய்த்துக் குளித்து, உடுப்பு மாற்றித்தான் உள்ளே வருகிறான். அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு மூன்றாம் மாதம் இன்னும் முடியவில்லை. மீன் வாடை பட்டாலே சத்தி எடுக்கிறாள். போன வருடம் ஒன்று தங்காமல் போனது. அதனால் இந்த முறை அயலுக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது ஸ்கூட்டியில் வீட்டுக்கே வருகிறார். போலிக் அமிலக் குளிசையை ஒழுங்காகப் போடவேண்டும், வெறும் வயிற்றோடு இருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும், தலையிடிக்கென்றாலும் கேட்காமல் கடைக் குளிசை போடக்கூடாது, இரத்தம் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று பொறுமையாகச் சொல்கிறார். கதவடியில் நின்று கேட்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் போனதும் அன்ரன் தொடங்குவான்.

“ரஸ்க் ஒண்டு சாப்பிடுமன்.”

“வேண்டாம்.”

“இஞ்சி போட்டுப் பிளேன்ரீ?”

“வேண்டாம் எண்டுறன்.”

“அப்ப பாதி ரஸ்க்?”

“உங்கடை கரைச்சலுக்காண்டித் தாங்கோ.”

என் மகள் வயிற்றில் இருந்தபோது நான் நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றேன். கணவருக்கு வேறு நேர வேலை. ஓடும் பட்டியில் கொட் மீன்கள் வந்துகொண்டே இருக்கும். நான் குடல் எடுப்பேன்; இடையில் ஓடிப்போய்ச் சத்தி எடுத்துவிட்டு வந்து திரும்பவும் குடல் எடுப்பேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெரித் என்ற பெண் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டி மடிக்கிற அறைக்கு மாற்றட்டுமா, அங்கே மணம் இல்லை என்றாள். “நை, தக்,” என்றேன். வேண்டாம், நன்றி. முதல் தரம் கேட்டவுடன் யாராவது ஓம் என்பார்களா? அவள் திரும்பக் கேட்பாள் என்று கத்தியைப் பிடித்தபடி நின்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கெட்டவள் அல்ல. என் சொல்லுக்கு மரியாதை தந்தாள். வயிறு பட்டியில் முட்டும்வரை நான் அங்கேயே நின்றேன். மகள் நல்லபடியாகத்தான் பிறந்தாள். குறையொன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பாதி ரஸ்க்கைப் பார்க்கத் தாங்கவில்லை.

நேற்று மத்தியானம் என் வாய் சும்மா இருக்கவில்லை. “எங்களை உப்பிடி ஒருத்தரும் தாங்கேல்லை,” என்றேன்.

ஜெசிந்தா படுத்தபடி சிரித்தாள். “வேணுமெண்டால் உங்கடை தம்பியைக் கொண்டுபோங்கோ மச்சாள். எனக்கு ரெண்டு நாள் நிம்மதி.”

பிறகு தொழிற்சாலைக் கதையைச் சொன்னேன்.

“அந்த மனுசி ரெண்டாம் தரம் கேக்கவே இல்லையோ?”

“இல்லை.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “நாளைக்கு ஸ்கானுக்கு என்னோடை வாறியளோ மச்சாள்? அவர் போன வருசம் ஸ்கானறைக் கதவடியிலை நிண்டு அழுதவர். அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு என்னாலை படுக்கேலாது.”

“ஓம்.”

“என்ன, கேட்டவுடனை ஓம் எண்டுறியள்? நான் கெஞ்சவேண்டி வருமெண்டெல்லோ இருந்தன்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. கேட்டவுடன் சொல்லும் அந்த நோர்வே ஓம் எப்போது எனக்குள் வந்து ஒட்டிக்கொண்டதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் மணம் வந்தது. ஜெசிந்தா சட்டைக் கழுத்தை இழுத்து மூக்கைப் பொத்தினாள். எனக்கு வாயும் ஊறியது, வயிறும் குமட்டியது. யன்னலைச் சாத்தப் போனவள், ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதைப் பிடித்தபடி நின்றேன்.

இன்று ஸ்கானில் பிள்ளையின் இதயத் துடிப்புத் தெரிகிறது என்றார்கள். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.