சாக்கு விரித்த இடம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. நாலு பிள்ளைகளை வளர்த்தது குற்றாலத்தில் ரோட்டோரம் மங்குஸ்தான் விற்றுத்தான். அங்கே நாம் சாக்கு விரித்த இடம் சீசன் முடியும்வரை நமக்கு.

இந்த வருஷம் சாரல் நேரத்தில் காய்ச்சல் வந்தது. பக்கத்தில் கொய்யா விற்கும் பேச்சியிடம், "என் சாக்கைப் பாத்துக்கோட்டி" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். கூடப்பிறந்தவள் மாதிரி பழகியவள். காய்ச்சல் விட்டபிறகு கூடையோடு போனால், என் இடத்தில் அவள் தம்பி ரம்புட்டான் குவித்திருக்கிறான்.

"இனி நீங்க வரமாட்டியன்னு நெனச்சேன்க்கா" என்றாள், என் முகத்தைப் பாராமல்.

கூடையை இறக்க இடமில்லை. வீட்டுக்கே போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது வரிசைக் கடைசியில் சோளக்கதிர் சுடும் செல்லம்மா சத்தம் போட்டாள்:

"ஏட்டி, எல்லாரும் சாக்கைத் தள்ளுங்க! ஆச்சி எங்கன உக்காருவாவ?"

ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஆளுக்கு ஒரு சாண் நகர்ந்தார்கள். நடுவரிசையில், பழையதைவிட நல்ல இடமாக எனக்கு அமைந்தது. என்ன மனசு அவர்களுக்கு!

பேச்சியோடு இப்போதும் பேசுகிறேன். ஆனால் சாக்கை அவளை நம்பி விடுவதில்லை. வர முடியாத நாளில் வரிசைக்கே சொல்லி அனுப்புகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் பேத்தி. ஏட்டி, செல்லம்மா சத்தம் போட்டதை இன்னொரு தரம் வாசி, கேட்போம்.