எண்பத்தேழாவது வரி

காலை பத்து மணிக்கு ஷட்டரை அரை ஆள் உயரத்துக்கு மட்டும் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே நுழைகிறார் கண்ணாடியக்கா. செருப்பை இடப்பக்கம் கழற்றிவிடுகிறார். ஒன்று நேராகக் கிடக்கிறது. மற்றதை வேண்டுமென்றே காலால் கவிழ்த்துவிடுகிறார். பிறகு மூலையிலுள்ள முக்காலியில் உட்கார்ந்து இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்கிறார். சாம்பல் நிறச் சேலை. நேற்றும் அதேதான். மாலை ஐந்து வரை ஆள் அசைவதில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடி விற்கும் கடை அது. சவரம் செய்ய ஒன்று வாங்கலாமென்று போனேன். "விக்கக் கூடாதுப்பா. தொடவும் கூடாது. கோர்ட்டு உத்தரவு" என்றார், உதடு மட்டும் அசைய. வெறுங்கையோடு திரும்பினேன். ஆனாலும் மறுநாளும் போனேன். ஊர் வம்பு கேட்கிற புத்தி என்னை விட்டு எங்கே போகும்?

அப்பா இறந்ததும், கடையை விற்றுத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டுமென்று இரண்டு தம்பிகளும் வழக்குப் போட்டார்கள். அக்கா இந்தக் கடையில் இருபத்தாறு வருடம் கண்ணாடி அறுத்தவர். தழும்பில்லாத விரல் ஒன்றுகூட அவருக்கு இல்லை. சின்னவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதும் அதே விரல்கள்தான். தம்பிகளோ, "அவள் வீட்டோடு இருந்தவள், கடைப் பக்கமே வந்ததில்லை" என்று மனுவில் கூசாமல் எழுதிவிட்டார்கள். படித்தபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பிக் கடையில் இருப்பதைக் குறித்துவரச் சொன்னது. அந்த மனிதர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். நிலைக்கண்ணாடி பன்னிரண்டு, செருப்பு ஒரு ஜோடி, அதில் ஒன்று கவிழ்ந்தது என்றெல்லாம்கூட. எண்பத்தேழாவது வரி: 'முக்காலி ஒன்று. அதில் சாம்பல் நிறச் சேலையில் ஒரு பெண்மணி.' வழக்கு முடியும்வரை எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவானது.

"என் பேரு போர்டுல இல்ல, ரசீதுல இல்ல. நான் இந்தக் கடையில இருந்தேன்னு உலகத்துல இந்த ஒரு வரிதான் சொல்லுது. அத நான் மாத்துவேனா?"

மூன்று வருடமாக மாற்றவில்லை. "உத்தரவு சாமானுக்குத்தாம்மா, உங்களுக்கு இல்ல" என்று அவருடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். "லிஸ்ட்டுல இருக்கேனா இல்லையா?" என்று திருப்பிக் கேட்டார் அக்கா.

தூசியைத் துடைப்பதும் கூடாது. ஆரம்பத்தில் மூன்று சுவரிலும் சின்னதும் பெரிதுமான கண்ணாடிகளில் நாற்பது அக்காக்கள் உட்கார்ந்திருந்தார்கள். எவர் பேசுகிறார் என்று நானே திணறுவேன். தூசி படியப் படிய ஒவ்வொருவராக மங்கினார்கள். "நேத்து மூணு பேரு இருந்தோம். இன்னைக்கு ஒருத்தியக் காணோம்" என்றார் ஒருநாள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் மிச்சமிருந்த இருவரும் போய்விட்டார்கள்.

போன வாரம், பட்டியலைச் சரிபார்க்க வேறொரு கமிஷனர் வந்தார். பின்னாலேயே தம்பிகள். நானும் வாசலில் நின்றிருந்தேன். அவர் குனிந்து நுழைந்ததும், இமையில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டாத மனுஷி சட்டென்று எழுந்து நின்றார். பெரிய மனிதர் வந்தால் எழுந்திருக்கும் பழக்கம், உடம்பு தானாகச் செய்துவிட்டது. "உக்காருங்க சார்" என்று முக்காலியை முந்தானையால் துடைத்து வேறு கொடுத்தார்.

அவர் அதில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து டிக் போட்டார். "முக்காலி ஒண்ணு, சரி. அதில் ஒரு பெண்மணி..." நிமிர்ந்தார். "யாரு அது?"

"அப்படி யாரும் கிடையாதுங்க" என்றான் பெரிய தம்பி, அக்காவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு. சின்னவன் தரையைப் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றார் அக்கா.

"நீங்க நிக்கிறீங்களேம்மா. நான் பாக்குறதத்தானே எழுத முடியும்?" கெட்டவர் என்று சொல்ல முடியாது; குரல் தணிவாகத்தான் இருந்தது. வரியின் பின்பாதியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

அவர்கள் போனதும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அருகிலிருந்த நிலைக்கண்ணாடியிடம் போனார். துடைக்கக் கை எழுந்தது. உத்தரவு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், இறக்கிக்கொண்டார். முகத்தை அதன் கிட்டே கொண்டுபோய் வாயைத் திறந்து 'ஹா' என்று மூச்சுவிட்டார். தலையைச் சாய்த்து, ஆவி படிகிறதா என்று அந்தத் தூசியையே உற்றுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக.