முகத்தைப் பாத்துக் கதையுங்கோ

நெல்லியடி பஸ்ஸில் என் அருகே வந்து அமர்ந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். வலது காதில் இருந்த மெஷின் எல்லோருக்கும் தெரியும்படி தலைமயிரை இழுத்துக் கொண்டை போட்டிருந்தார். பெயரையோ ஊரையோ சொல்லவில்லை.

"எனக்குக் காது கேக்கிறது குறைவு தம்பி. முகத்தைப் பாத்துக் கதையுங்கோ" என்றார். பக்கத்தில் யார் இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வாராம்.

"முந்தியும் இப்பிடித்தான் சொல்லுவியளோ அம்மா?"

"இல்லை, மறைச்சன். ஆக்கள் சிரிக்கேக்கை நானும் சிரிப்பன், என்னத்துக்கெண்டு தெரியாது. பிறகு ஆக்கள் கூடுற இடங்களுக்குப் போறதையே விட்டிட்டன். கோயிலுக்கும் போகேல்லை. சாப்பாடும் வேண்டாமெண்டு சுவரைப் பாத்தபடி படுத்துக் கிடந்தன். மனவருத்தமெண்டு மருமகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள். டொக்டர் வாயை மறைச்சுக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. முதல் பழுதானது மனமில்லை, காதெண்டு அவருக்கு விளங்கிப்போச்சு."

"மெஷின் போட்டாப் பிறகு முதலிலை என்ன கேட்டது?"

"வீட்டை வந்து இருக்கிறன், குசினிக்கை மருமகள் தன்ரை தங்கச்சிக்குப் போனிலை என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு நிக்கிறாள்! எழும்பிப் போய் நல்ல மறுமொழி குடுத்தன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு ரெண்டுபேரும் வடிவாச் சண்டை பிடிச்சம்! முடிய அவள்தான் சோறு போட்டுத் தந்தவள். அண்டைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டன்."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். ஒரு சண்டையை இவ்வளவு ஆசையாகச் சொன்ன இன்னொருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.