ஆத்தாள் திறந்த வாய்

என் வீட்டுக்காரர் சாகிறதை நான் நின்று பார்த்தேன். நெஞ்சு ஏறும், இறங்கும், அப்படியே நின்றுவிடும். அடுத்த மூச்சு வருமா வராதா என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்துக் கிடந்தது. மாரியாத்தாளைக் கும்பிடுகிற உங்களிடம் அந்த நாளைச் சொல்லாமல் நான் கண்ணை மூடக்கூடாது.

எனக்கு ஊர் எடப்பாடி. அது எண்பத்தைந்தாம் வருஷமோ எண்பத்தாறோ, ஆடி மாதம். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்தாள். வீட்டுக்காரர் போலீஸ்காரர். மேட்டூரைத் தாண்டி, கர்நாடக எல்லையில் ஒரு செக்போஸ்ட்டில் அவருக்கு டூட்டி. வருகிற லாரியை நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்த்து, மூட்டையைக் குத்திப் பார்த்து அனுப்புகிற வேலை. கையில் ஒரு லத்தியும் வாயில் ஒரு விசிலும் தவிர அவர்களுக்கு அங்கே என்ன இருந்தது? கையுறையா, மூக்குக்குத் துணியா? ஒரு மண்ணும் கிடையாது.

நான் மாவரைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர், “ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு மயங்கி உழுந்துட்டாருங்க, சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கறாங்க” என்றார். கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “இவர் என்னம்மா சாப்பிட்டார்?”

“காலையில ராகிக் களிங்க, கொள்ளுப் பருப்புங்க.”

“அது இல்லம்மா. கண்ணைப் பாருங்க, கண்மணி ஊசிமுனையாச் சுருங்கிக் கிடக்கு. ஏதோ உள்ள போயிருக்கு. என்னன்னு தெரியாம நான் எந்த ஊசியைப் போடறது? தப்பாப் போட்டா அதுவே ஆளைக் கொன்னுடும்.”

அவரை ஜீப்பில் கொண்டுவந்தது பழனிச்சாமி. இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சோறு தின்றவர். டாக்டர் அவரைத் துருவித் துருவிக் கேட்டார். “வெயில்ல நின்னாருங்க சார். மயக்கம் வந்து உழுந்துட்டாருங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வெளியே வந்தேன். வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. எனக்குக் கண்ணை மூடி மெதுவாக முணுமுணுக்கத் தெரியாது. என் வாய் அப்படி. மரத்தடியில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, சண்டை போட்டேன்.

“ஏ ஆத்தா! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வருசா வருசம் தீச்சட்டி எடுத்தனே, என்னத்துக்கு? அந்த மனுசன் வாயத் தொறக்க வையி. என்னத்தத் தின்னாருன்னு அவரு சொல்லோணும். நீ அவரு வாயத் தொறக்காட்டி, நான் இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். என் தாலி மேல சத்தியம்!”

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காய்ந்துபோன மாவு விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

பின்னால் யாரோ விம்முகிற சத்தம். பழனிச்சாமி. அவர் பார்வை என் கையிலிருந்த மாவின் மேலேயே இருந்தது.

“அக்கா, மாவுன்னு நெனச்சுட்டாருங்க்கா…”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜவ்வரிசி செய்கிற மரவள்ளி மாவைக் கண்டால் கை சும்மா இராது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, சுத்த மாவா, மக்காச்சோளம் கலந்ததா என்று சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அன்றைக்கு வடக்கேயிருந்து வந்த லாரியில் மாவு மூட்டை இருந்திருக்கிறது. ஊரெல்லாம் மரவள்ளி மாவு ஆட்டுகிற சேலத்துக்கு எவனாவது வெளியிலிருந்து மாவு கொண்டுவருவானா? கலப்பட மாவேதான் என்று மூட்டையைப் பிரித்திருக்கிறார். உள்ளே தனியாக ஒரு பை, அதிலும் மாவு மாதிரியே தூள். மூக்கில் வைத்து மோந்தார், நாக்கிலும் வைத்தார். கசக்கிறதே என்று மறுபடியும் வைத்தார். சற்று நேரத்தில் சாய்ந்துவிட்டார். லாரிக்காரன் ஓடிவிட்டான்.

“பெரிய ஆபீசர் வாரதுக்குள்ள மூட்டையப் பிரிச்சது தப்புங்க்கா. வெளிய தெரிஞ்சா அவரு வேல போயிருமேன்னு வாய மூடிட்டனுங்க்கா.”

“அட பாவி! ஆளே போயிட்டா வேல என்னத்துக்கு? வா!”

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்தினேன். பழனிச்சாமி சொன்னதைக் கேட்டதும் டாக்டர் முகம் மாறியது. அது பம்பாய்ப் பக்கம் புழங்குகிற போதைமருந்து என்றும், மூச்சை அமுக்கிவிடும் என்றும் சொன்னார். அதற்கு மாற்று ஊசி அங்கே இல்லை. ஊருக்குள் ஒரு தனியார் டாக்டரிடமிருந்து வாங்கிவர ஆள் ஓடியது. அதுவரை வாயில் மூடி போட்டு, ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். கம்பவுண்டர் கை ஓய்ந்ததும் பழனிச்சாமி வாங்கி அமுக்கினார். அழுதுகொண்டே அமுக்கினார்.

ஊசி வந்தது. போட்டார்கள். என் வீட்டுக்காரர் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாயே, மகமாயி!

எல்லாம் சுபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். காற்று இல்லாமல் கிடந்ததில் மூளையில் எங்கேயோ அடி. வலது கை மடங்கிப் போனது. நாக்குக் குழறியது. செல்லம்மா என்று என்னை முழுசாக அவர் அதற்கப்புறம் கூப்பிட்டதே இல்லை. “செல்” என்று நிறுத்திவிடுவார், கண்ணில் தண்ணீர் வரும். காக்கிச் சட்டையை மறுபடியும் போடவில்லை. அவர் வாயைத் திற என்றுதானே கேட்டேன், அதை மட்டும் ஏன் பாதியில் விட்டாய் என்று ஆத்தாளிடம் ரொம்ப நாள் கோபமாக இருந்தேன்.

பிறகுதான் புரிந்தது. மூச்சில்லாதவர் வாயை நான் திறக்கச் சொன்னேன். அவள் மூச்சுள்ள பழனிச்சாமியின் வாயைத் திறந்தாள். அந்த வாய் இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருந்தால் நான் அன்றைக்கே தாலி அறுத்திருப்பேன்.

அதற்கப்புறம் தீச்சட்டி எடுக்கவில்லை. ஆடிக்கு ஆடி, எங்கள் ஊர்த் தறியில் நெய்த துண்டுகளை ஆத்தாள் காலடியில் வைத்துக் கும்பிட்டு, அந்தச் செக்போஸ்ட்டுக்குக் கொண்டுபோவேன். அங்கே நிற்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒன்று. மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளத்தான். முதல் வருஷம் சிரித்தார்கள். அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்தேன். பழனிச்சாமிக்கு வணக்கம் சொல்ல அவர் வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தராக வந்து துண்டு வாங்கிக்கொண்டார்கள்.

நம்பி ஆத்தாளைக் கூப்பிடுங்கள். என்னை மாதிரி திட்டியாவது கூப்பிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் யாரோ ஒருத்தி எங்கோ வேப்பமரத்தடியில் நின்று கதறும்போது, ஆத்தாள் திறக்கப் பார்க்கிற வாய் உங்களுடையதாக இருக்கலாம். அன்றைக்கு மூடிக்கொண்டு நிற்காதீர்கள் சாமி.