படிக்காமல் போட்ட ‘சரி’

செய்தி வந்தபோது நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கிரிப்டோ நாணயம் வைத்திருப்போருக்கான வாலட் மென்பொருளை எழுதுகிற நம் குழுவில், போனில் எழுதியே போட்டுக்கொள்ளும் வழக்கமான காலைச் சண்டை. நடுவே, குழுவில் மூத்தவரான பஷீர் பாயின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு. பேசியது அவர் மனைவி சல்மா அக்கா. “அவுக மவுத்தாயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இதுல இருக்கவுக எல்லாருக்கும் சொல்லிருங்க.” அத்தோடு சண்டை நின்றது.

நம் விதி உங்களுக்குத் தெரியும். ஒருவர் எழுதியதை வேறு இருவர் படித்து ‘சரி’ போட்டால்தான் மென்பொருளில் சேரும். நான் வந்த புதிதில், பணம் அனுப்பும் பகுதியை மாற்றி எழுதினேன். பாய் ‘சரி’ போட மறுத்தார். குழு இரண்டாகப் பிரிந்தது. அவரைப் பழம்பஞ்சாங்கம் என்று எல்லோர் முன்னும் எழுதினேன். அதுவும் போதாமல், அமராவதிபுதூரிலிருந்து டவுன் பஸ் ஏறி, காரைக்குடியில் அவர் வீட்டுக்கே சண்டைக்குப் போனேன்.

“என் மேல நம்பிக்கை இல்லையா பாய் உங்களுக்கு?”

“இல்லாமயா மீனா ஒவ்வொரு வரியா படிச்சேன்? மொதல்ல டீயக் குடிங்க. அங்குட்டு உக்காந்து சண்டை போடுவோம்.”

போட்டோம். அவர் சொன்னதில் பாதி தவறு, அங்கேயே ஒப்புக்கொண்டார். நான் எழுதியதிலும் பாதி தவறு. ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அதற்கப்புறம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதைதான் வினையாயிற்று. ஒருமுறை அவர் எழுதி அனுப்பியதற்கு நானும் மதுரை சேகரும் உடனே ‘சரி’ போட்டோம். பாய் எழுதியதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. மறுநாள் தம் பிழையை அவரே கண்டுபிடித்தார். அது வெளியே போயிருந்தால் பழைய வாலட்டுகள் சிலவற்றைத் திறக்கவே முடிந்திருக்காது. போனில் கத்தினார்.

“ரெண்டு பேரு ‘சரி’ன்னு போட்டிருக்கீக. ஒருத்தராவது தொறந்து பார்த்தீகளா?”

“நீங்க எழுதுனதாச்சேன்னு...”

“எனக்கு மரியாதை செஞ்சீகளாக்கும்! பணத்தை எடுக்க முடியாம நிக்கிறவுகளுக்கு என்ன பதில் சொல்லுவீக?”

இன்று நினைத்தாலும் வெட்கத்தில் முகம் சுடுகிறது.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு பாய் ஒரு மாற்றம் அனுப்பியிருந்தார். அதை அப்படியே சேர்ப்பதுதான் அஞ்சலி என்றீர்கள். சேகர் ‘சரி’ போட்டுவிட்டு என்னை அழைத்தார். “இதையும் படிச்சுக்கிட்டா இருக்கணும் மீனா? மனுசனே போயிட்டாக.”

படித்தேன். அழுதுகொண்டே, வரி வரியாக. எவ்வளவு சுத்தமான வேலை! ஆனால் ஓரிடத்தில் பிழை இருந்தது. ‘சரி’ போடாமல் திருப்பினேன். கல்நெஞ்சுக்காரி என்று உங்களில் சிலர் எழுதினீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், பாயை நான் எழுதாததா?

யார் எழுதினாலும் திறந்து பார்க்கிற பழக்கம், அதுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. அந்தப் பிழையைத் திருத்தி நேற்று அனுப்பியிருக்கிறேன். மாற்றம் அவர் பெயரிலேயே இருக்கிறது. பாய் எழுதியது, மீனா திருத்தியது என்று யாரும் ‘சரி’ போட்டுவிடாதீர்கள். படியுங்கள்.